துடைப்பதற்கு முன்



பழவேற்காட்டு ஏரியை நீங்கள் பார்த்திருக்கக்கூடும். பொன்னேரியிலிருந்து கிழக்கே செல்லும் சாலை நம்மை அந்த நீர்ப்பரப்பின் கரையிலே கொண்டுபோய் விட்டுவிடும். ஒடிசாவின் சில்கா ஏரிக்கு அடுத்தபடியாக இந்தியாவில் இரண்டாவது பெரிய உவர்நீர் ஏரி அதுதான். ஆற்று நீரும் கடல் நீரும் அங்கே கலக்கின்றன. 1613ஆம் ஆண்டில் டச்சுக்காரர் எழுப்பிய கெல்டிரியா கோட்டை இன்று மண்மேடாகிவிட்டது. ஆனால் அந்தக் கோட்டைக்கு முன்பும் அங்கிருந்த மீன்பிடி தொழில் இன்றும் நடைபெறுகின்றது.

அங்குள்ள குப்பங்களில் ஒரு காட்சியைப் பலமுறை கண்டிருக்கின்றேன். பழுதுபட்ட படகைக் கரையேற்றிக் கவிழ்த்து, அடிப்பகுதியைச் சுரண்டி, ஓட்டையை அடைத்து மீண்டும் நீரில் இறக்குவார்கள். ஆனால் எடுத்த எடுப்பிலே எவரும் படகைக் கவிழ்ப்பதில்லை. முதலில் இயந்திரத்தைக் கழற்றி வைப்பார்கள். பிறகு வலை, நங்கூரம், பனிக்கட்டிப் பெட்டி ஆகிய யாவற்றையும் இறக்குவார்கள். கடைசியாக ஒருவர் படகினுள் குனிந்து, மூலை முடுக்கெல்லாம் கையால் துழாவிப் பார்ப்பார். அதற்குப் பின்னரே நான்கு பேர் சேர்ந்து படகைப் புரட்டுவார்கள்.

இன்று நான் பேச எடுத்துக்கொண்ட பொருள் படகைப் பற்றியதன்று. வீட்டுக் கணினியைப் பற்றியது. கணினியிலுள்ள அனைத்தையும் துடைத்துவிட்டு, இயங்குதளத்தைப் புதிதாக நிறுவுவது எவ்வாறு என்பதே பொருள். கடைத்தெருவில் இதனை 'ஃபார்மட் போடுவது' என்பார்கள். அந்த மனிதர் படகினுள் குனிந்து துழாவிப் பார்த்தாரே, அந்த ஒரு செயலை நான் ஒருமுறை செய்யத் தவறினேன். அந்தக் கதையை முதலில் சொல்லிவிடுகின்றேன்.

பல ஆண்டுகளுக்கு முன் பழவேற்காட்டு மீனவர் ஒருவரிடம் நான்கு மணி நேரம் பேசி ஒலிப்பதிவு செய்தேன். அப்போதே முதியவர். ஏரியின் மீன்பிடி இடங்களை மரபுவழி மீனவர்கள் முறைவைத்துப் பகிர்ந்துகொள்ளும் ஒழுங்கு அங்கே உண்டு. அதற்குப் 'பாடு' என்று பெயர். இன்ன நாளில், இன்ன இடத்தில், இன்னார் வலை விடலாம் என்பது அதன் சாரம். அவர் அந்த முறையை விளக்கினார். காற்றுகளின் பெயரைச் சொன்னார். முகத்துவாரம் மணல் மூடி அடைபட்டால் ஏரியிலே இறால் எவ்வாறு குறையும் என்பதையும் எடுத்துரைத்தார். "எழுதி வைச்சுக்குங்க ஐயா, எங்க பிள்ளைங்களுக்கு இதெல்லாம் கேக்க நேரமில்லை" என்றார். நான் எழுதவில்லை, பதிவு இருக்கிறதே என்ற துணிவு.

பின்னர் ஒரு நாள் என் கணினி மிகவும் மந்தமாகியது. கடை ஒன்றிற்குக் கொண்டுசென்றேன். அங்கிருந்த இளைஞர் முறைப்படியே கேட்டார்: "சார், டேட்டா ஏதாவது வேணுமா?" நான் சற்றும் யோசியாமல், "எல்லாம் டி டிரைவில்தான் இருக்கிறது, சி டிரைவைத் துடைத்துவிடு, தம்பி" என்றேன். அவர் சொன்னபடியே செய்தார். ஒலிப்பதிவுகளோ டெஸ்க்டாப்பில் இருந்தன. கண்ணுக்கு எதிரே திரையில் தெரியும் அந்த டெஸ்க்டாப், உண்மையில் சி டிரைவின் ஒரு பகுதிதான் என்பதை நான் அன்றுதான் அறிந்தேன். பிழை அவருடையதன்று, என்னுடையதே. அந்த முதியவரும் இப்போது இல்லை.

கணினியிலிருந்து ஒரு கோப்பை அழித்தால் உண்மையில் என்ன நிகழ்கின்றது? நூலகம் ஒன்றை எண்ணிப் பாருங்கள். நூற்பட்டியிலிருந்து ஒரு சீட்டைக் கிழித்துவிட்டால், நூல் அலமாரியிலேயே இருக்கும். ஆனால் தேடுவோர்க்கு அகப்படாது. அந்த இடம் காலி என்று எண்ணிப் பிறிதொரு நூலை வைக்கும்போதுதான் பழைய நூல் உண்மையாகவே வெளியேறுகின்றது. பழைய வகை ஹார்ட் டிஸ்க்கில் அழித்தல் இவ்வாறே நடைபெறும். ஆகவே தவறுதலாக ஒன்றை அழித்துவிட்டால், அக்கணமே அக்கணினியைப் பயன்படுத்துவதை நிறுத்திவிட வேண்டும். மீட்கும் வாய்ப்பு ஓரளவு உண்டு. நான் செய்ததோ அதற்கு நேர்மாறானது. புதிய இயங்குதளம் பழைய இடத்தின்மேல் எழுதப்பட்டுவிட்டது. இரண்டு வாரம் நானும் அதனைப் பயன்படுத்திவிட்டேன். மீட்பு மென்பொருள்களால் சில துணுக்குகளே கிடைத்தன. இக்காலத்து எஸ்.எஸ்.டி. என்னும் சேமிப்பகங்களில் நிலைமை இன்னும் கடுமையானது. அழித்த இடங்களை அவை தாமாகவே துப்புரவு செய்துவிடுவதால், மீட்பது பெரும்பாலும் இயலாது.

சென்ற ஆண்டில் லைட்ஹவுஸ் குப்பத்திலிருந்து கல்லூரி மாணவி ஒருவர் ஒரு மடிக்கணினியோடு என்னிடம் வந்தார். 2011ஆம் ஆண்டு செப்டம்பரில் நம் திருவள்ளூர் மாவட்டத்தில் தொடங்கிவைக்கப்பெற்ற விலையில்லா மடிக்கணினித் திட்டத்தை நீங்கள் அறிவீர்கள். அத்திட்டத்தின்கீழ் அவருடைய அண்ணனுக்குப் பன்னிரண்டாம் வகுப்பில் கிடைத்த கணினி அது. அண்ணன் வேலைக்கு வெளியூர் சென்றுவிட்டார். கணினி இப்போது தங்கையின் படிப்புக்கும் தாயாரின் மகளிர் குழுக் கணக்குக்கும் பயன்பட்டது. அதில் இருந்தது விண்டோஸ் 7. அதற்கு மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அளித்துவந்த பாதுகாப்புத் திருத்தங்கள் 2020 ஜனவரி 14ஆம் நாளோடு நின்றுவிட்டன. ஆதரவு நின்ற இயங்குதளத்தை இணையத்தோடு இணைத்து வைத்திருப்பது, தாழ்ப்பாள் பழுதான வீட்டில் பணத்தை வைத்திருப்பதற்கு ஒப்பாகும். அவருடைய கணினியிலோ நச்சுநிரல் ஏற்கெனவே புகுந்து, கேளாத விளம்பரங்களைத் திரை முழுவதும் காட்டிக்கொண்டிருந்தது.

"ஐயா, ஃபார்மட் போட்டுக் கொடுங்க, நாளைக்கு அம்மாவுக்குக் குழுக் கூட்டம்" என்றார்.

"நாளைக்கு வேண்டாம் அம்மா, ஞாயிற்றுக்கிழமை வைத்துக்கொள்வோம். அதற்குள் நீ ஒரு தாள் எடுத்து எழுது" என்றேன்.

துடைத்தல் எளிது, ஒரு மணி நேரத்து வேலை. துடைப்பதற்கு முன் செய்ய வேண்டியதுதான் பெரிது. அதற்கு நான் சொல்லும் வழி இது: கணினியிலுள்ளவற்றை மூன்றாகப் பிரியுங்கள். முதலாவது வகை, எங்கும் மீண்டும் கிடைப்பவை. இயங்குதளமும் மென்பொருள்களும் இவ்வகை. இவற்றைப் பற்றிக் கவலை வேண்டா. இரண்டாவது வகை, கேட்டால் கிடைப்பவை. மதிப்பெண் சான்றிதழின் நகல், ஆதார் அட்டையின் நகல் போன்றவை இவ்வகை. டிஜிலாக்கரிலோ உரிய அலுவலகத்திலோ திரும்பப் பெறலாம், சற்றே அலைச்சல் உண்டு. மூன்றாவது வகை, உலகில் வேறெங்கும் இல்லாதவை. நீங்கள் எடுத்த புகைப்படம், எழுதிய கட்டுரை, பதிந்த குரல், போட்ட கணக்கு ஆகியவை இவை. இந்த மூன்றாவது வகைக்காகத்தான் இத்தனை எச்சரிக்கையும்.

அம்மாணவி தம் பட்டியலில் முதலில் எழுதியவை நான்கே பொருள்கள். நான் துழாவச் சொன்னேன். டெஸ்க்டாப், டவுன்லோட்ஸ், மை டாக்குமென்ட்ஸ், சி டிரைவின் உள்ளறைகள், உலாவியில் சேமித்திருந்த கடவுச்சொற்கள், அண்ணனின் பெயரில் இருந்த மற்றொரு பயனர் கணக்கு ஆகிய ஒவ்வொன்றையும் திறந்து பார்த்தார். நான்கு பொருள்கள் முப்பத்தொன்றாயின. அண்ணனின் கணக்கினுள், இறந்துபோன பாட்டியின் ஒரே வண்ணப்படம் இருந்தது. அது அங்கே இருப்பதை வீட்டில் ஒருவரும் அறியார்.

மகளிர் குழுவின் ஏழாண்டுக் கணக்கிலே வேறொரு சிக்கல் இருந்தது. தமிழர் அனைவரும் கவனிக்க வேண்டிய சிக்கல் அது. அந்தக் கோப்புகள் யூனிகோடு முறையில் அல்லாமல், பழைய எழுத்துரு ஒன்றில் தட்டச்சிடப்பட்டிருந்தன. ஒரு காலத்தில் தமிழுக்கு ஒவ்வோர் எழுத்துருவும் ஒவ்வொரு குறியீட்டு முறையைப் பின்பற்றியது. தமிழக அரசு 1999ஆம் ஆண்டில் டாம், டாப் என்னும் முறைகளையும், 2010ஆம் ஆண்டில் யூனிகோடு முறையையும் தரமாக அறிவித்தது. எனினும் பழைய எழுத்துருக்கள் பல அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் நெடுங்காலம் புழங்கின. அத்தகைய கோப்பை மட்டும் நகலெடுத்து, எழுத்துருவை எடுக்காமல் கணினியைத் துடைத்துவிட்டால், பிறகு திறக்கும்போது தமிழுக்குப் பதிலாகப் பொருளற்ற ஆங்கில எழுத்துக்கூட்டமே தோன்றும். கோப்பு இருக்கும், படிக்க இயலாது. ஆகவே எழுத்துருக் கோப்புகளையும் எடுத்துக்கொண்டோம். எழுத்துரு மாற்றியின் துணையால் கணக்கை யூனிகோடுக்கும் மாற்றி, தாயாரைக் கொண்டு எண்களைச் சரிபார்த்தோம்.

அடுத்தது நகலெடுத்தல். இதற்கு உலகெங்கும் ஒரு விதி சொல்வார்கள்: மூன்று படிகள், இரண்டு வகைச் சாதனங்கள், ஒன்று வேறிடத்தில். மூலத்தோடு சேர்த்து மூன்று படிகள் இருக்க வேண்டும். அவை ஒரே வகைச் சாதனத்தில் இருத்தலாகாது. ஒன்றேனும் வீட்டிற்கு வெளியே இருக்க வேண்டும். கடற்கரையில் வாழ்வோர்க்கு இந்த மூன்றாவது விதியை விளக்க வேண்டியதில்லை. 2004 டிசம்பர் 26ஆம் நாள் வந்த ஆழிப்பேரலையும், 2023 டிசம்பரில் வந்த மிக்ஜாம் புயலின் வெள்ளமும், ஒரே வீட்டில் இரண்டு அலமாரிகளில் வைத்த பொருள்களைப் பிரித்துப் பார்க்கவில்லை.

பெரிய நிறுவனங்களும் இதற்கு விலக்கல்ல. 1998ஆம் ஆண்டில் அமெரிக்காவின் பிக்சார் நிறுவனத்தில் 'டாய் ஸ்டோரி 2' என்னும் திரைப்படம் உருவாகிக்கொண்டிருந்தது. யாரோ இட்ட ஒரு தவறான ஆணையால் படத்தின் கோப்புகளில் மிகப் பெரும்பகுதி அழிந்தது. நகல்களைத் தேடினார்கள், நகலெடுக்கும் ஏற்பாடு சரியாக வேலை செய்யவில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது. கேலின் சுஸ்மன் என்னும் தொழில்நுட்ப இயக்குநர், குழந்தை பிறந்திருந்தமையால் வீட்டிலிருந்தே வேலை செய்ய ஒரு படியைத் தம் வீட்டுக் கணினியில் வைத்திருந்தார். அந்தக் கணினியைப் பத்திரமாகக் காரில் ஏற்றிக் கொண்டுவந்து படத்தை மீட்டார்கள். இதில் நமக்கு இரண்டு பாடங்கள் உண்டு. ஒரு படி வேறிடத்தில் இருக்க வேண்டும். நகல் எடுத்தோம் என்பது போதாது. அது திறக்கின்றதா என்று பார்த்தாக வேண்டும். ஆகவே நாங்கள் எடுத்த நகலை என் கணினியில் செருகி, ஒவ்வோர் உறையிலிருந்தும் சில கோப்புகளைத் திறந்து பார்த்தோம். ஒரு பென் டிரைவில் இரண்டு காணொளிகள் பாதியிலே நின்றன. அதை ஒதுக்கிவிட்டு வேறொன்றில் மீண்டும் எடுத்தோம்.

இனிச் சாவிகளைப் பற்றி. மின்னஞ்சல் முதலிய கணக்குகளின் கடவுச்சொற்கள் நினைவில் உள்ளனவா என்று, வேறொரு கருவியிலே நுழைந்து பார்த்துக்கொள்ளுங்கள். விண்டோஸ் 10, 11 உள்ள புதிய கணினிகள் சிலவற்றில் சேமிப்பகம் முழுவதும் பூட்டாக்கம் செய்யப்பட்டிருக்கும். பிட்லாக்கர் என்று அதற்குப் பெயர். கணினியின் தொடக்க அமைப்புகளை மாற்றினால் அது 48 இலக்க மீட்பு எண்ணைக் கேட்கக்கூடும். அந்த எண் இல்லையேல் உள்ளிருப்பவற்றை எவராலும் படிக்க முடியாது. எனவே அதனை முன்கூட்டியே தாளில் எழுதி வையுங்கள். விண்டோஸ் உரிமத்தைப் பற்றிப் பலர் அஞ்சுவர். விண்டோஸ் 10 முதல் உரிமம் பெரும்பாலும் அக்கணினியின் வன்பொருளோடு பிணைக்கப்பட்டிருப்பதால், அதே பதிப்பை மீண்டும் நிறுவினால் அது தானாகவே ஏற்கப்படும்.

புதிய இயங்குதளத்தை எங்கிருந்து பெறுவது? அதனை உருவாக்கியவரின் அதிகாரபூர்வமான தளத்திலிருந்து மட்டுமே பெற வேண்டும். 'இலவசமாக எல்லாம் சேர்த்தது' என்று கைமாறி வரும் பென் டிரைவுகளில், துடைக்க முயன்ற நச்சுநிரலே மீண்டும் இருக்கலாம். விண்டோஸுக்குக் குறைந்தது 8 ஜி.பி. அளவுள்ள பென் டிரைவ் வேண்டும். அதில் முன்பிருந்தவை யாவும் அழிந்துவிடும் என்பதை நினைவில் கொள்ளுங்கள். லினக்ஸ் வகைகளை வெளியிடுவோர் கோப்போடு கூட 64 எழுத்துகள் கொண்ட ஒரு சரிபார்ப்புத் தொடரையும் வெளியிடுவர். அது கோப்பின் கைரேகை போன்றது. கோப்பில் ஓர் எழுத்து மாறினாலும் கைரேகை மாறிவிடும். இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துவிட்டால் ஐயமில்லை.

அந்த மடிக்கணினி விண்டோஸ் 11 கேட்கும் பாதுகாப்புச் சில்லு இல்லாத பழைய கருவி. விண்டோஸ் 10இன் ஆதரவும் 2025 அக்டோபர் 14ஆம் நாளோடு பொதுவாக முடிவுற்றது. ஆகவே எடை குறைந்த லினக்ஸ் மின்ட் பதிப்பைத் தேர்ந்தோம். லினக்ஸில் ஒரு வசதி உண்டு. நிறுவுவதற்கு முன்பே பென் டிரைவிலிருந்து அதனை இயக்கிப் பார்க்கலாம். கணினியிலுள்ள எதுவும் மாறாது. வைஃபை கிடைக்கின்றதா, ஒலி கேட்கின்றதா, தமிழ் தட்டச்சு ஆகின்றதா என்று அரை மணி நேரம் சோதித்தோம். விண்டோஸ் நிறுவுவோர் வைஃபைக்கு உரிய இயக்கி மென்பொருளை முன்னரே ஒரு பென் டிரைவில் எடுத்துவைத்தல் நன்று. இல்லையேல் இணையம் வேண்டுமென்றால் இயக்கி வேண்டும், இயக்கி வேண்டுமென்றால் இணையம் வேண்டும் என்ற நிலையில் சிக்கிக்கொள்வர்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. மின்னூட்டியைச் செருகினோம். மழையில்லாத நாளாகவே பார்த்துக்கொண்டோம். நடுவே மின்சாரம் நின்றால் பெருந்தீங்கு ஒன்றுமில்லை; பென் டிரைவைக் கொண்டு முதலிலிருந்து தொடங்கலாம். பிறகு நான் அவரிடம், "நகல் உள்ள ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றி அந்த அறையில் வைத்துவிட்டு வா அம்மா" என்றேன். ஏன் என்று கேட்டார். எந்தச் சேமிப்பகத்தைத் துடைக்க வேண்டும் என்று கணினி கேட்கும்போது, செருகியிருக்கும் எல்லாவற்றின் பெயரையும் அது வரிசையாகக் காட்டும். களைப்பில் ஒரு வரி தவறினால், காப்பாற்றி வைத்த நகலே அழிந்துவிடும். இந்த வேலை முழுவதிலும் மிக ஆபத்தான கணம் இதுவே. செருகாத ஒன்றை எவராலும் தவறுதலாக அழிக்க முடியாது.

திரையில் இரண்டு பெயர்கள் தெரிந்தன. ஒன்று 500 ஜி.பி.; மற்றொன்று 16 ஜி.பி. பின்னது பென் டிரைவ் என்பதை அளவைக் கொண்டே அறிந்தோம். "நீயே அழுத்து" என்றேன். அவர் தம் தாளை எடுத்து, முப்பத்தொரு வரிகளிலும் இட்ட குறியை மறுபடியும் ஒருமுறை பார்த்தார். பிறகே அழுத்தினார்.

நிறுவிய பின் முதலில் பாதுகாப்புத் திருத்தங்களை இறக்கினோம். அதன் பின்னரே நகல்களை மீட்டோம். அப்போதும் படங்களையும் ஆவணங்களையும் மட்டுமே எடுத்தோம். பழைய கணினியிலிருந்த மென்பொருள்களைத் தொடவில்லை. நச்சுநிரல் ஒளிந்திருப்பது பெரும்பாலும் அவற்றில்தான். நகல்களையும் உடனே அழித்துவிடவில்லை. ஒன்று அவர் வீட்டில் இருக்கின்றது. மற்றொன்று பொன்னேரியில் அவருடைய சித்தி வீட்டில் இருக்கின்றது.

மற்றொன்றையும் சொல்ல வேண்டும். கணினியைப் பிறருக்குக் கொடுப்பதற்காகவோ விற்பதற்காகவோ துடைப்பவர்கள், நான் மேலே சொன்ன நூலக உவமையை மறவாதிருத்தல் வேண்டும். விரைவாக ஃபார்மட் போட்டால் சீட்டுகள்தாம் கிழிகின்றன, நூல்கள் கிடக்கின்றன. வாங்கியவர் முயன்றால் அவற்றைப் படிக்கக்கூடும். விண்டோஸில் கணினியை மீட்டமைக்கும்போது சேமிப்பகத்தை முழுமையாகத் துப்புரவு செய்யும் வாய்ப்பு ஒன்று தரப்படும். நேரம் மிகுதியாகும், ஆயினும் அதையே தேர்ந்தெடுக்க வேண்டும்.

அடுத்த மாதம் அம்மாணவி குழுக் கணக்கின் அச்சுப்படி ஒன்றைக் கொண்டுவந்து காட்டினார். எழுத்துகள் தெளிவாக இருந்தன. தொகையும் சரியாக இருந்தது. பாட்டியின் படத்தைச் சட்டமிட்டு மாட்டிவிட்டதாகவும் சொன்னார்.

அன்று மாலையே நான் பழவேற்காட்டுக்குச் சென்றேன். அந்த முதியவரின் மகனைத் தேடிக் கண்டு, அப்பா சொன்னவற்றில் நினைவிலிருப்பதைச் சொல்லுமாறு வேண்டினேன். ஒன்றரை மணி நேரம் பேசினார். பாட்டின் ஒழுங்கு முழுவதும் அவருக்குத் தெரிந்திருந்தது. காற்றுகளின் பெயர்களில் சிலவற்றை மட்டும் அவரால் நினைவுகூர இயலவில்லை. "அப்பாவுக்குத்தான் ஐயா தெரியும்" என்றார். அந்தப் பதிவை மூன்று படிகள் எடுத்தேன். ஒன்றை அவரிடமே கொடுத்துவிட்டு வந்தேன்.